நகம் மாட்டிய வளையம்

என் தையல் கடைக்கு நேர் எதிர் வீடுதான் வார்டன் அம்மாவுடையது. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கார் நிற்கிற இடம், அதில் ஒரு மிஷின், ஒரு மேசை, நான். ஷட்டரைத் தூக்கினால் அவர்கள் வாசலும், முன்னறை ஜன்னலும், மொட்டைமாடிச் சுவரும் தெரியும். அந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை. தானாகக் கண்ணில் படும், அவ்வளவுதான்.

பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர் அந்த அம்மா. அவரை விட்டு விடுதிதான் போனது, வார்டன் வேலை போகவில்லை. பால்காரர் தாமதமாக வந்தால் காரணம் சொல்லிவிட்டுத்தான் பாலை ஊற்ற வேண்டும். ஒரே மகன், கப்பலில் இஞ்சின் அறையில் வேலை. வருடத்தில் பாதி நாள் தண்ணீரில்தான் இருப்பான். ஆக, வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும்.

மருமகளுக்குப் பறவை நிலையத்தில் வேலை. பறவைக்கு வளையம் போடுகிற வேலை என்று அவள் முதலில் சொன்னபோது, ஏன், தோடு போட ஆள் இல்லையா என்று கேட்டுச் சிரித்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படிக் கேட்ட எத்தனையோ பேரைப் பார்த்திருப்பாள் போல. கழிமுகத்துச் சேற்றில் இரை தேடுகிற நீண்ட கால் பறவைகளை வலையில் பிடித்து, எடை பார்த்து, இறக்கையை அளந்து, ஒரு காலில் நம்பர் பொறித்த உலோக வளையமும் இன்னொரு காலில் எழுத்துப் போட்ட பிளாஸ்டிக் கொடியும் மாட்டி விட்டுவிடுவார்கள். அது உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும், அங்கே ஒருத்தர் அந்த எழுத்தைப் படித்தால் இங்கே சேதி வந்துவிடும்.

பிடித்த பறவையைப் போட்டு வைக்கத் துணிப்பை வேண்டும். இருட்டாக இருந்தால் அது அடங்கிவிடும். அந்தப் பைகளை நான்தான் தைத்துக் கொடுத்தேன். முதல் தடவை முறையாக, தையல் உள்ளே போகிற மாதிரி தைத்தேன். அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். பிசிறு உள்ளே இருந்தால் பறவையின் நகம் சிக்கிக்கொள்ளுமாம். தையல் வெளியே தெரிய வேண்டுமாம். ஊரெல்லாம் அழகை வெளியே காட்டுகிறது, இவர்களுக்கு மட்டும் அழகு உள்ளே இருந்தால் போதும். பிரித்துத் தைத்தேன்.

அப்படித் தைத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் நான் மடிப்பை நகத்தால் நீவுவதைப் பார்த்துவிட்டு, எங்கள் வேலையிலும் இது உண்டு அக்கா என்றாள். வளையத்தை இடுக்கியால் மூடியதும் இரண்டு முனையும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார்களாம். வழுக்கிக்கொண்டு போனால் சரி. நகம் மாட்டினால் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம், திரும்ப மூட வேண்டும். நகம் மாட்டுகிற இடத்தில் நூலும் மாட்டும், வலையும் மாட்டும், அப்புறம் கால் போய்விடும் என்றாள்.

அவள் போட்ட வளையங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் அடிக்கடி பேசுவாள். மூக்கன் என்று ஒரு இனம். கோழிக்குஞ்சுக்குக் கொக்கின் காலும் ஒரு முழ நீள மூக்கும் வைத்த மாதிரி இருக்கும். அந்த இனத்தில் பெட்டைக்குத்தான் மூக்கு நீளம். இதை அவள் சொன்னபோது வார்டன் அம்மா ஜன்னலுக்குள்ளிருந்து, எல்லா இனத்திலும் அப்படித்தான், எதிர்க்கடையில் பார்க்கிறேனே என்றார். எனக்குத்தான் அது. வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெட்டை மூக்கனை நாங்கள் மூக்கி என்றே சொல்வோம். வடக்கே, மரமே முளைக்காத குளிர்நாட்டில் அது முட்டையிடுகிறது என்று கொடியைப் படித்து யாரோ போட்டோ அனுப்பியிருந்தார்கள். கடலுக்கு மேலே ராப்பகலாக, இறங்காமல், தின்னாமல் பறந்து போய்ச் சேருமாம். போட்டோவில் மூக்கி ஒரு பாசி மேட்டில் நிற்கும். அதைக் காட்டும்போது மருமகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தானே போய் நின்ற மாதிரி இருப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இந்த ஊர் எல்லையைத் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வார்டன் அம்மா குளியலறையில் விழுந்தார். மருமகள் அப்போது கழிமுகத்தில், வலையடியில் இருந்தாள். காலையில் விழுந்தவர், அவள் வீடு திரும்பும் வரை ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார். என் மிஷின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் செய்து, கம்பி வைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். நடக்க மாதக்கணக்காகும் என்றார்கள்.

முன்னறையில் கட்டில் போட்டார்கள். கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டீல் டம்ளர், ஒரு ஸ்பூன். தொண்டையை நம்பினால் ஆகாது என்று அவரே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது. டிங் டிங் என்று தட்டுவார். "இருக்கேன் அத்தை" என்று உள்ளேயிருந்து குரல் வரும். தண்ணீர் வேண்டும், தலையணை சரிக்க வேண்டும் என்று எதுவும் இருக்காது. அவள் இருக்கிறாளா என்று பார்ப்பதற்குத்தான். அவள் குளிக்கும்போதும் தட்டுவார். தண்ணீர் சத்தம் நிற்கும், "இருக்கேன் அத்தை" வரும், மறுபடி தண்ணீர் விழும்.

எனக்கு முதலில் எரிச்சலாக வந்தது. அப்புறம் ஒருநாள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தரை ரொம்ப ஜில்லென்று இருந்ததம்மா என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எரிச்சல்படவும் முடியவில்லை.

ஆள் வைக்காமல் இல்லை. ஒரு நர்ஸ் வந்தாள். அவள் போனில் பேசுவதற்கெல்லாம் இவர் நேரம் குறித்துச் சொல்ல, அந்த வாரமே கிளம்பிவிட்டாள். இன்னொருத்தி வந்தாள், அவள் கதவைத் தாழ் போட்டுவிட்டுத் தூங்கினாள். நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். எதிர்க்கடைக்காரி கையால் பெட்பேன் வைத்துக்கொள்கிற நிலைமை தனக்கு இன்னும் வரவில்லை என்றுவிட்டார். கப்பலிலிருந்து மகன் போன் செய்தால் எடுத்த எடுப்பில், அம்மா பக்கத்தில் இருக்கிறாயா என்பான். அவள் போனைத் திருப்பிக் கட்டிலைக் காட்டுவாள். வேலையை விட்டுவிடு என்று அவன் நேராகச் சொல்லவில்லை. இந்த சீசன் போனால் போகட்டுமே என்றான். அடுத்த சீசனும் அப்படித்தான் போகும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அவள் மொட்டைமாடியில் தொலைநோக்கியைக் கால் பிரித்து நிறுத்தி வைத்தாள். துணி காயப்போடப் போகும்போது கொஞ்ச நேரம் கழிமுகத்தைப் பார்ப்பாள். வெயில் ஏறுகிற மாதம். பறவைகளெல்லாம் ஊருக்குக் கிளம்ப, சேற்றைக் குத்திக் குத்தித் தின்று கொழுப்பு ஏற்றிக்கொண்டிருந்தன. ஆண் மூக்கன்கள் செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டன என்று கீழே வந்து சொல்வாள். வார்டன் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பார்.

அன்றைக்கு ஈரத்துணி வாளியோடு போனவள் வாளியை அங்கேயே விட்டுவிட்டு நேரே என் கடைக்கு வந்தாள். நின்றாள். மிஷினை நிறுத்தினேன்.

"மூக்கி நொண்டுது அக்கா. மீன் நரம்பு சுத்தியிருக்கு, ரெண்டு காலையும் சேத்து."

மீன் பிடிக்கிற நைலான் நரம்பு எங்கேயும் கிடக்கும், பாவம், என்ன செய்வது என்றேன்.

"நரம்பு எங்கேயும் கிடக்கும். மாட்டினது என் வளையத்துல. அது நான் மூடின வளையம்."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். உலோக வளையத்தின் இடைவெளியில் நரம்பு நுழைந்து, அங்கிருந்து மறுகாலில் கொடி இருக்கிற இடத்தைச் சுற்றிக் கட்டியிருக்கிறது. தத்தித் தத்தித்தான் நகர்கிறது. நடக்க முடியாததால் தின்ன முடியவில்லை. மற்றவையெல்லாம் உருண்டு திரண்டு நிற்க, இது மட்டும் நெஞ்செலும்பு தெரிய நிற்கிறது. தெற்கிலிருந்து நல்ல காற்று அடித்தால் கூட்டம் கிளம்பிவிடும். இது கூடவே கிளம்பும், கொழுப்பு இல்லாமல் கடலில் விழும். கிளம்பாவிட்டால் இங்கேயே கால் அழுகிச் சாகும். நரம்பை அறுத்து வளையத்தை எடுத்துவிட்டால் தின்று தேற இன்னும் நாள் இருக்கிறது. தள்ளிப்போட முடியாது.

நிலையத்தில் அந்த நேரம் பார்த்து ஆள் இல்லை. பெரிய சாரும் மற்றவர்களும் வேறொரு கரையில் முகாம் போட்டிருந்தார்கள். ஜீப் டிரைவர் அண்ணன் மட்டும்தான் காவல்.

அவள் போய் மாமியாரிடம் கேட்டாள். நான் வாசல்படியில் நின்றேன். சாயங்காலத்துக்குள் வந்துவிடுகிறேன், அக்கா இருப்பார்கள் என்றாள். நான் என்ன கட்டியா போட்டு வைத்திருக்கிறேன், தாராளமாகப் போ என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவள் செருப்பை மாட்டினாள். டிங் டிங். உள்ளே போனாள். ஒன்றுமில்லை, ஜன்னல் திரை விலகியிருக்கிறது என்றார். திரையை இழுத்துவிட்டு மறுபடி செருப்பை மாட்டினாள். டிங் டிங். இந்தத் தடவை உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அவர் கை நடுங்குகிறது, டம்ளர் தரையில் உருண்டு கிடக்கிறது, இவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் காலை நீவிக்கொண்டிருக்கிறாள். அவர் நடிக்கவில்லை. நடித்திருந்தால் இவள் போயிருப்பாள்.

அப்புறம்தான் அந்தக் கூத்து நடந்தது. டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் ஜீப்பை ஓட்டுவார், கூடாரம் அடிப்பார், பறவையைக் கையால் தொட்டதே இல்லை. பாம்பைக்கூடப் பிடிப்பேன் மேடம், அதற்குக் கால் கிடையாது, உடையாது என்பாராம். அவரைத்தான் ஒரு துண்டோடு சேற்றுக்குள் இறங்கச் சொன்னாள். இவள் மாடியில் தொலைநோக்கியில் ஒரு கண், காதில் போன். நான் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் தலையைப் பிளந்தது.

எனக்கு வெறுங்கண்ணுக்கு அவர் ஒரு எறும்பு. அவளோ காதோடு காதாகப் பேசுகிற மாதிரி பேசினாள். நேராகப் போகாதீர்கள், வேறெங்கோ போகிற ஆள் மாதிரி போங்கள். நில்லுங்கள், அது தலையைத் தூக்குகிறது. குனியுங்கள். தண்ணீர் ஏறுகிறது, அது மேட்டுக்குத்தான் வந்தாக வேண்டும், நீங்கள் மேட்டுக்குப் பின்னால் படுங்கள். ஆமாம், சேற்றில்தான், படுங்கள். நடுவில் கீழே டிங் டிங். நான் ஓடினேன். அவள் எங்கே என்றார். மாடியில் என்றேன். வரச் சொல் என்றார். வருவாள் என்றேன். எப்போது என்றார். இப்படியே படியேறி இறங்கி எனக்கு மூட்டு கழன்றது. ஒரு தடவை நான் மேலே போனபோது அவள் போனில் கப்பல் அழைப்பு மின்னிக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. அவள் அதை எடுக்காமல் விட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அசையாதீங்க அண்ணே. உங்களுக்கு இடது பக்கம் வருது. வரட்டும். வரட்டும். இப்ப போடுங்க."

ஒன்றும் கேட்கவில்லை. அவள் கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்கவே இல்லை. பிறகு போனில் அவர் மூச்சு வாங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. துண்டுக்குள்ளே இருக்கு மேடம், என்னையும் யாராவது பிடிச்சுத் தூக்குங்க என்றார்.

பிடித்த இடத்தை விட்டுப் பறவையைக் கொண்டுபோகக் கூடாது என்பது அவர்கள் சட்டம். அவள்தான் அதை எனக்கு அத்தனை தடவை சொன்னவள். இங்கே கொண்டு வாருங்கள் என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது.

நான் தைத்த பை ஒன்றில், தலை முதல் கால் வரை சேறாக, டிரைவர் அண்ணன் அதைக் கொண்டுவந்தார். விழுந்ததில் அவர் கட்டைவிரல் பிசகி வீங்கியிருந்தது. வீட்டுக்குள் சேற்றைக் கொண்டுவராதே என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்னறையில்தான் வெளிச்சம் அதிகம். மேசையைக் கட்டில் அருகே இழுத்து, பெட்டியைத் திறந்து, வளையம் விரிக்கிற இடுக்கியை எடுத்து வைத்தாள். நான் கடைக்கு ஓடித் தையல் பிரிக்கிற சின்னக் கத்தியைக் கொண்டுவந்தேன். நரம்புக்கடியில் நுழைக்க அதுபோல் ஒன்று கிடையாது.

பையிலிருந்து எடுத்தாள். அப்பா, அந்தக் கால். நரம்பு சதைக்குள் இறங்கி, தோல் அதன்மேல் மூடிக்கொண்டிருந்தது. கொடி இருந்த காலோ கொடிக்குக் கீழே விரல் பருமன் வீங்கியிருந்தது. நாறியது. ஆனால் அந்தக் கண், கறுப்பாக, சுத்தமாக, எங்களைப் பார்த்தது.

ஒருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு இரண்டு கையும் இடுக்கிக்கு வேண்டும். நான் நரம்பை அறுக்க வேண்டும். டிரைவர் அண்ணனுக்கு விரல் மடங்கவில்லை, அவரால் போன் விளக்கைத்தான் பிடிக்க முடிந்தது.

என்ன பார்க்கிறீர்கள், அதைக் கொண்டுபோய் எங்காவது விட்டுத் தொலையுங்கள், ஒரு குருவிக்காகக் காலையிலிருந்து இந்த வீடு வீடாக இல்லை என்றார் வார்டன் அம்மா.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அப்போதும் உயரவில்லை.

"இந்த வளையத்தைப் போட்ட அன்னைக்கு நீங்க விடாம போன் பண்ணீங்க அத்தை. கேஸ் மூடியிருக்கேனா, எப்ப வருவே, ஏன் எடுக்க மாட்டேங்குறேன்னு. பாக்கெட்ல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் நகத்தை ஓட்டிப் பாக்காம பறக்க விட்டுட்டேன். தப்பு என்னுது. உங்க மேல போடல. ஆனா சொல்லாம இருக்க முடியல."

டிரைவர் அண்ணன் விளக்கைத் தாழ்த்தினார். வார்டன் அம்மா சுவரைப் பார்க்கவில்லை, அதிசயமாக, அவளையே பார்த்தார். பிறகு போர்வையை நெஞ்சிலிருந்து இறக்கினார்.

"எப்படிப் பிடிக்கணும்னு சொல்லு."

அவர் நெஞ்சின்மேல் துண்டை விரித்து மூக்கியை மல்லாத்தி வைத்தாள். கழுத்து இரண்டு விரலுக்கு நடுவில், இறக்கை உள்ளங்கைக்குள், அமுக்கக் கூடாது, தளரவும் கூடாது. ஆயுசெல்லாம் சாவிக்கொத்து பிடித்த கை. காலையில் டம்ளரை நழுவவிட்ட கை அது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆணி அடித்த மாதிரி நின்றது. நான் நரம்பைக் கத்தி முனையால் நெம்பி நெம்பி அறுத்தேன். இழையிழையாக வந்தது. அவள் இடுக்கியை வளையத்துக்குள் விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, மயிரளவு மயிரளவாக விரித்தாள். கொஞ்சம் திருகினால் எலும்பு முறிந்துவிடும் என்று முன்பே சொல்லியிருந்தாள். வளையம் வாய் திறந்தது. எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை.

இதயம் எப்படி அடிக்கிறது பார், என் கையே நடுங்குகிற மாதிரி இருக்கிறது என்றார் வார்டன் அம்மா, மெதுவாக, அதைப் பயமுறுத்தாமல்.

மருந்து தடவினாள். பிறகு மற்ற காலைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். கொடி. அது வீக்கத்தின்மேல் இறுகியிருந்தது. அப்படியே விட்டால் வீக்கம் வடிந்துவிடலாம், வடியாமல் கால் அழுகியும் போகலாம். எடுத்துவிட்டால் மூக்கிக்கு நம்பரும் இல்லை, எழுத்தும் இல்லை. காயம்பட்ட காலில் புதிதாக எதுவும் போடக் கூடாது. வடக்கேயிருந்து போட்டோ வராது. அடுத்த வருஷம் இதே சேற்றில் வந்து நின்றாலும் ஆயிரத்தில் ஒன்று. இதையெல்லாம் அவள் சொன்னாள், எங்களுக்குச் சொன்னாளா தனக்குச் சொன்னாளா தெரியாது.

"எடுத்துட்டா அது எங்க இருக்குன்னு உனக்கு யாரு சொல்லுவா?" என்றார் வார்டன் அம்மா.

"யாரும் சொல்ல மாட்டாங்க அத்தை."

அவர் கையிலிருந்ததைப் பார்த்தார். விடுதி கேட்டில் நின்று எத்தனை பெண்களை, எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்ட வாய்.

"எடுத்துடு. ஒருத்தியாவது சொல்லாம போகட்டும்."

அவள் கொடியை வெட்டினாள். டிரைவர் அண்ணன் பையை வாங்கிக்கொண்டு, பிடித்த இடத்திலேயே விடப் போனார். அவள் வாசல்வரை போனாள். நீயும் போய்விட்டு வா என்று கட்டிலிலிருந்து ஒரு சொல் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். வரவில்லை. அவளும் எதிர்பார்த்திருப்பாள், கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள். பிறகு உள்ளே வந்து, துண்டை எடுத்து ஊறப்போட்டு, மாமியார் கையைக் கழுவிவிட வெந்நீர் கொண்டுவந்தாள்.

அதற்கப்புறம் தொலைநோக்கியில் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நொண்டுகிற மூக்கன் ஒன்று முதலில் தெரிந்தது. சிலநாள் கழித்துத் தெரியவில்லை. தேறிவிட்டதா செத்துவிட்டதா என்று சொல்ல வழியில்லை. பெரிய சார் திரும்பி வந்து, வீட்டுக்குக் கொண்டுபோனதற்கு ஒரு பாட்டம் திட்டிவிட்டு, அடுத்த சீசனுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அவள் சரி என்றாள். கப்பலுக்கும் சரி என்றாள்.

காற்று திரும்பிய அன்று சாயங்காலம் வார்டன் அம்மாவை முதல் தடவையாக எழுப்பி நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள் என்றால் அவள்தான், நான் துணைக்கு. முன்னால் பிடித்து நடக்கிற வாக்கர், பின்னால் அக்குளுக்கடியில் அவள் இரண்டு கையும். வார்டன் அம்மாவுக்கு வியர்த்து ஊற்றியது. எழுந்து நின்ற அந்த நேரம் பார்த்துத்தான் தலைக்கு மேலே சத்தம் கேட்டது. ஒன்று இரண்டல்ல, கூட்டமாக, ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு போகிற சத்தம்.

அவள் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. கையை எடுக்க முடியாதே.

"போய்ப் பாரு" என்றார் வார்டன் அம்மா. "நான் நிப்பேன்."

"விட்டா விழுந்துடுவீங்க அத்தை."

அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணாலேயே எனக்கு ஆணியில் தொங்கிய பைனாகுலரைக் காட்டினாள். எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வானத்தில் அம்பு முனை மாதிரி வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அந்தக் கண்ணாடியைத் திருகத் தெரியாமல் திருகி, ஒருவழியாகத் தெளிந்தது. நீள மூக்கு, செங்கல் நிறம், சாம்பல் நிறம், எல்லாம் ஒரே அச்சு.

"அக்கா, ஏதாவது ஒண்ணு காலைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போகுதா பாருங்க."

ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்தது, துடைத்துவிட்டுப் பார்த்தேன். எல்லாக் காலும் வாலுக்குப் பின்னால் நேராக நீட்டியிருந்தன.

"இல்லம்மா. எல்லாம் காலைப் பின்னாடி நீட்டிக்கிட்டுத்தான் போகுது."

சத்தம் தேய்ந்து தேய்ந்து, வீட்டுக் கூரைகளுக்கு மேலே போய், இல்லாமல் போனது. நான் உள்ளே வந்தபோது இரண்டு பேரும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள், இன்னும் கேட்கிற மாதிரி.

"அப்ப அதுவும் போயிருக்கும்" என்றார் வார்டன் அம்மா.

"போயிருக்கும் அத்தை" என்றாள் அவள். பிடியைச் சரிசெய்துகொண்டாள். "இடது காலை எடுத்து முன்னாடி வைங்க."